உயர்ந்தோர் உண்டென்பது ஆஸ்திகமாகுமா?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ காலத்தில் எம்பெருமான் திருவீதி எழுந்தருளும்போது அவனை ஸேவிக்க நிற்கும் திரளில் பல வகையினர் உண்டு. திருமுகமண்டலத்தைக் கண்ட அளவில் கண்ணீர் பெருக்குவோர் உண்டு. குலவழக்கத்தைக் கைவிட மனமின்றி வந்தோர் உண்டு. முதியவர்களான தாய் தந்தையரைக் கைப்பிடித்து அழைத்துவந்து, தாம் மட்டும் சற்றே ஒதுங்கி நிற்கும் இளைஞரும் உண்டு. அவ்விளைஞரை வினவினால், "சாஸ்திரங்கள் கூறும் கடவுளிடத்தில் நம்பிக்கை இல்லை, ஆயினும் மனிதனுக்கு மேற்பட்ட உயர்ந்த பிறவிகள் எங்கோ இருக்கத்தான் வேண்டும்" என்பர். இவ்வாறு கூறுபவர் ஆஸ்திகரா, நாஸ்திகரா?

பெற்றோர்க்கு இக்கேள்வி வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பிள்ளை முற்றிலும் கைவிட்டுப் போயினன் என்று அஞ்சுவதா, ஏதோ ஒன்றை நம்புகின்றான் என்று ஆறுதல் கொள்வதா என்று அவர்கள் உள்ளம் ஊசலாடுகின்றது. ஆகையால் நாஸ்திகம் என்பது யாது, உயர்ந்த பிறவிகளை ஒப்புக்கொண்ட அளவில் அது நீங்குமோ என்பதை ஆன்றோர் வழிநின்று ஆராய்வது தகும்.

சொல்லும் பொருளும்

நாஸ்திகன் என்னும் சொல்லுக்குப் பண்டையோர் ஒரே பொருளைக் கொள்ளவில்லை. பாணிநி முனிவர் தமது வியாகரணத்தில் (4-4-60) ஆஸ்திகன், நாஸ்திகன் என்னும் சொற்கள் அமையும் முறையைக் காட்டினார். அதற்குக் காசிகை என்னும் உரை, மறுமை உண்டு என்ற எண்ணமுடையவன் ஆஸ்திகன், அஃது இல்லையென்பவன் நாஸ்திகன் என்று விளக்கம் தந்தது. மநு ஸ்ம்ருதியின் 2-ஆம் அத்தியாயமோ வேதத்தை நிந்திப்பவனையே நாஸ்திகன் என்றது. பிற்கால வழக்கில் ஈச்வரன் இல்லையென்பவனே நாஸ்திகன் என்னும் பொருள் நிலைபெற்றது.

இம்மூன்று அளவுகோல்களையும் ஒருங்கே வைத்து நோக்கினால் ஒரு வியப்பு விளங்கும். சமணரும் பௌத்தரும் மறுமையை ஒப்பியவர்கள். ஆகவே முதல் அளவுகோலால் அவர்கள் ஆஸ்திகர். வேதத்தை ஒப்பாமையால் இரண்டாவதால் நாஸ்திகர். பூர்வமீமாம்ஸகருள் பலரோ உலகைப் படைத்த ஈச்வரன் ஒருவனை ஒப்பாதவர்கள். சபரஸ்வாமியின் பாஷ்யம் தேவதைகளுக்கு உடல் உண்டென்பதையும் மறுத்தது. ஆயினும் வேதத்தைத் தலைமேற்கொண்டமையால் அவர்கள் ஆஸ்திகர் வரிசையில் வைத்தெண்ணப்பட்டனர். மூன்றாவது அளவுகோலால் அவர்களும் அவ்வரிசையினின்று நழுவுகின்றனர்.

தேவருண்டு, ஈச்வரனில்லை

உயர்ந்த பிறவிகளை ஒப்பிக்கொண்டே ஈச்வரனை மறுத்தல் புதிய கொள்கையன்று. சமணர்தம் தத்வார்த்த ஸூத்ரம் தேவர்களைப் பவனவாஸி, வ்யந்தரர், ஜ்யோதிஷ்கர், வைமாநிகர் என நான்கு வகையாகப் பகுத்துக் கூறுகின்றது. அவர்களுக்குள் இந்திரர் பலர் உண்டு. மிக நீண்ட ஆயுளும் பெருஞ்செல்வமும் உண்டு. ஆயினும் உலகைப் படைத்துக் காத்து நடத்தும் ஒருவன் அங்கு இல்லை. பௌத்த நூல்களிலும் பிரமன் வருகின்றான். புத்தர் போதம் பெற்றபின் உலகுக்கு உபதேசிக்கும்படி அவரை வேண்டி நின்றவன் அப்பிரமனே. அங்கு அவன் உபதேசத்தை நாடுபவன்; உலகுக்கு உடையவன் அல்லன்.

அண்மைக் காலத்திலும் இக்கொள்கை புதிய கோலம் பூண்டு வந்ததுண்டு. 1875-இல் நியூயார்க்கில் தோன்றி, 1882-இல் சென்னை அடையாற்றில் தலைமையிடம் கொண்ட பிரம்மஞான சபையின் தலைவர்கள், இமயத்திற்கு அப்பால் வாழும் மஹாத்மாக்கள் வழிகாட்டுகின்றனர் என்றனர். அம்மஹாத்மாக்கள் எழுதியனவாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் 1923-இல் நூலாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்று கடவுட்கொள்கையையே வெளிப்படையாக மறுக்கின்றது. அச்சபையில் கடவுள் பக்தி மிக்கோரும் இருந்தனர் என்பது உண்மை. எனினும் மனிதரின் மேம்பட்டோரை வணங்கும் ஒரு நம்பிக்கை, ஈச்வரனை விலக்கியும் நிற்கவல்லது என்பதற்கு அக்கடிதம் சான்று.

பிரான்ஸ் தேசத்தவரான க்ளோத் வோரில்ஹோன் என்பவர் 1973-இல் வேற்றுலகத்தார் ஒருவரைக் கண்டதாகக் கூறி, அடுத்த ஆண்டு நூலெழுதி ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். ரயேலியர் எனப்படும் அவ்வியக்கத்தார் தம்மைக் கடவுள் மறுப்பாளர் என்றே கூறிக்கொள்கின்றனர். ஆனால் வானுலகினின்று வந்த அறிவாளர் பலர் கூடி, விஞ்ஞானத்தால் மனிதரைப் படைத்தனர் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படைத்தவரையே தேவர் என்று முன்னோர் மயங்கினர் என்பர். இவர்களுக்கு வணங்கத்தக்க உயர்ந்தோர் உண்டு; சமயமும் உண்டு; கடவுள் மட்டும் இல்லை.

எம்பெருமானார் காட்டிய நுட்பம்

இவ்விடத்தில் ஸ்ரீபாஷ்யகாரர் அருளிச்செய்த ஒரு நுட்பம் மிகவும் சிந்திக்கத்தக்கது. ப்ரஹ்ம ஸூத்ரத்தின் 3-ஆவது ஸூத்ரம், பரம்பொருளை அறிவதற்குச் சாஸ்திரமே வாயில் என்கின்றது. நையாயிகர்கள் இதனை ஒப்புவதில்லை. குடம் என்னும் காரியத்தைக் கண்டு குயவன் உண்டென்று அறிகின்றோமல்லவா, அதுபோல உலகம் என்னும் காரியத்தைக் கண்டு ஈச்வரனை ஊகித்தறியலாம் என்பது அவர்கள் வாதம். நாஸ்திகரை வெல்வதற்கு இதனினும் நல்ல படைக்கலம் வேறில்லை என்றே பலரும் எண்ணுவர்.

எம்பெருமானார் அப்படைக்கலத்தைக் கையிலெடுக்கவில்லை. அதன் குறையைக் காட்டினார். உலகம் செய்யப்பட்ட பொருள் என்றே கொண்டாலும், அதனைச் செய்தவன் ஒருவனே என்பதற்கும், முழுவதையும் ஒரே காலத்தில் செய்தான் என்பதற்கும் அவ்வாதத்தில் ஆதாரம் இல்லை. புண்ணிய மிகுதியால் பேராற்றல் பெற்ற ஜீவர்கள் பலர், வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பகுதிகளைச் செய்திருக்கலாம் என்று ஒருவன் கூறினால், ஊகத்தை மட்டும் நம்புபவனால் அவனை மறுக்க இயலாது என்றார்.

இதன் கருத்து யாது? திருத்தேரைக் காண்பவன் தச்சன் உண்டென்று அறிவான். ஆனால் தேர்க்காலைச் செய்தவன் ஒருவனாகவும், மேல்நிலைகளைச் செய்தவன் வேறொருவனாகவும், சிற்பங்களைச் செதுக்கியவர் பலராகவும் இருக்கலாம். அவர்களுள் எவரும் அத்தேரில் எழுந்தருளும் பெருமாள் அல்லர். மனித அறிவு தன்னந்தனியே ஏறிச் சென்றால் தச்சர்களின் பட்டறை வரையில் செல்லும். தேர்த்தட்டில் வீற்றிருப்பவனை அது காணாது.

எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் கழித்துத் தோன்றிய ரயேலியர் கொள்கை, எம்பெருமானார் அன்று எடுத்துக்காட்டிய அவ்வூகமேயாகும். ஆற்றல் மிக்கார் பலர் கூடிச் செய்தனர் என்கின்றனர். அவ்வாற்றல் மிக்காரைச் செய்தவர் யாவர் என்று வினவினால், அவர்க்கு முற்பட்ட வேறு சிலர் என்பர். இவ்வாறே பின்னோக்கிச் செல்லும் வரிசைக்கு முடிவில்லை. அவ்வரிசையிலுள்ள ஒவ்வொருவரும் பிறரால் ஆக்கப்பட்டவர். ஆக்கப்பட்டவர் எத்துணை உயர்ந்தவராயினும் ஜீவரே, பரமாத்மா அல்லர்.

துரும்பின் முன் தோற்ற தேவர்கள்

தேவர்களின் உயர்வு எத்தகையது என்பதைக் கேநோபநிஷத்தின் கதை ஒன்று விளக்குகின்றது. அசுரரை வென்ற தேவர்கள், வெற்றி தம்முடையதே என்று இறுமாந்திருந்தனர். அப்போது யக்ஷ வடிவில் ஒன்று அவர்கள் முன் தோன்றிற்று. அஃது யாதென்று அறிந்துவர அக்கினி சென்றான். அவன் முன் ஒரு துரும்பு வைக்கப்பட்டது. தன் வலியெல்லாம் கூட்டியும் அவனால் அதனை எரிக்க முடியவில்லை. அடுத்து வாயு சென்றான். அதனை அசைக்கவும் மாட்டாதவனாய் மீண்டான். இந்திரன் நெருங்கிய அளவில் அவ்வடிவம் மறைந்தது. அவ்விடத்தில் தோன்றிய உமை, அதுவே ப்ரஹ்மம், அதன் வெற்றியையே நீங்கள் உங்கள் வெற்றியாக மயங்கினீர் என்று உணர்த்தினாள்.

ப்ருஹதாரண்யகத்தின் அந்தர்யாமி ப்ராஹ்மணத்தில் யாஜ்ஞவல்க்யர் உத்தாலகருக்கு இதன் உட்பொருளை உபதேசித்தார். நிலம், நீர், தீ, சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள் என ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றினுள்ளே இருந்து நியமிப்பவன் ஒருவன் உளன். அவற்றை அவன் உடலாகக் கொண்டுளன். ஆயினும் அவை அவனை அறியா என்றார். சேதநம், அசேதநம் ஆகிய அனைத்தும் அவனுக்குச் சரீரம்; அவன் அனைத்திற்கும் ஆத்மா. தாங்குபவனும், நியமிப்பவனும், உடையவனும் அவனே. இதுவே விசிஷ்டாத்வைத ஸித்தாந்தத்தின் உயிர்நிலை.

ஆதலின் உயர்ந்தோர் உளரோ இலரோ என்னும் விசாரம் ஸ்ரீவைஷ்ணவனைக் கலக்குவதில்லை. சூரியனை ஒத்த வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகம் 1995-இல் கண்டறியப்பட்டது. 2022-ஆம் ஆண்டிலேயே இத்தகைய வேற்றுக் கிரகங்களின் எண்ணிக்கை 5,000-ஐக் கடந்துவிட்டது. அவற்றில் அறிவுடைய உயிர்கள் உண்டென்பதற்குச் சான்று எதுவும் இதுகாறும் கிட்டவில்லை. நாளை கிட்டினும் கிட்டலாம். எண்ணிறந்த அண்டங்களைப் பற்றிப் புராணங்களில் கேட்டவனுக்கு அதனால் அதிர்ச்சியில்லை. அவ்வுயிர்கள் மனிதரினும் ஆயிரம் மடங்கு அறிவுடையனவாயினும், அவற்றினுள்ளும் அந்தர்யாமியாய் நிற்பவன் ஒருவனே. தேவர்களும் ப்ரஹ்மத்தை உபாஸிக்க உரிமையுடையவர் என்று ஸூத்ரகாரர் நிலைநாட்டினார். வழிபடும் கடமை தேவர்க்கும் உண்டெனின், அவர்கள் வழிபாட்டின் எல்லையாவது எங்ஙனம்?

இரணியன் எதனை மறுத்தான்?

புராணங்கள் கூறும் நாஸ்திகருள் தலையாயவன் இரணியன். அவன் உயர்ந்த பிறவிகளை மறுத்தவன் அல்லன். மந்தர மலைச்சாரலில் கடுந்தவம் புரிந்து பிரமனை நேரில் கண்டவன். கண்டு வணங்கித் துதித்து வரம் பெற்றவன். பிரமனிடத்தில் அவனுக்கிருந்த நம்பிக்கை சிறிதன்று. தன் உயிரையே அவ்வரத்தின் மேல் வைத்திருந்தான். ஆயினும் அவனை எவரும் ஆஸ்திகன் என்றதில்லை.

அவன் மறுத்தது எங்கும் நிறைந்து நிற்கும் ஒருவனை. வரம் தரும் பிரமன் அவனுக்குத் தேவைப்பட்டான். தன்னை உடைமையாகக் கொண்ட உடையவன் ஒருவன் இருப்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. தூணிலும் உள்ளானோ என்று அவன் கேட்ட கேள்வியிலேயே அவனது நாஸ்திகம் முழுவதும் அடங்கியுள்ளது. ப்ரஹ்லாதாழ்வானோ கருவிலே கேட்ட உபதேசத்தின் பயனாகத் தூணையும் துரும்பையும் அவன் உறைவிடமாகக் கண்டான். தந்தை கண்டது தனக்குப் பயன்படும் ஒரு தேவனை. மைந்தன் கண்டது தான் எவனுக்கு உரியவனோ அவனை.

இதனால் முடிந்த பொருள் இது: உயர்ந்த பிறவிகளை எத்துணை ஒப்பினும், அனைத்தையும் உடலாகக் கொண்ட ஒருவனை மறுக்கும் அளவும் அது நாஸ்திகத்தின் பாற்பட்டதே. எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் அக்குறை தீராது.

சேவார்த்திகள் தம்மை நோக்குக

இம்முடிவைக் கேட்டு, ஒதுங்கி நிற்கும் இளைஞரை நோக்கி விரல் நீட்டுவதற்கு முன், அந்த அளவுகோலைச் சேவார்த்திகள் ஒவ்வொருவரும் தம்மீதே வைத்துப் பார்த்தல் வேண்டும். பெருமாளை மிகுந்த செல்வாக்குடைய ஓர் அதிகாரியாக எண்ணி, காணிக்கையைக் கட்டணமாக எண்ணி, கேட்ட காரியம் கைகூடாவிடில் வேறு வாயிலை நாடிச் செல்பவர் இல்லையா? திருமண்ணும் துளஸிமாலையும் தரித்திருப்பினும் அவர் உள்ளத்திலுள்ள நம்பிக்கை எத்தகையது? தமக்கு வேலை செய்யவல்ல உயர்ந்த பிறவி ஒன்று கர்ப்பக்ருஹத்தில் உண்டு என்பதே அது. பிரமனிடம் இரணியன் வைத்த நம்பிக்கையும் அவ்வளவே.

அங்ஙனமாயின் துன்பத்தில் ஆழ்ந்தவன் எம்பெருமானிடம் ஒன்றும் கேட்கலாகாதோ என்னும் ஐயம் எழலாம். கேட்கலாம். கீதையின் 7-ஆம் அத்தியாயத்தில் கண்ணன் தன்னை வழிபடுவோரை நால்வராகப் பகுத்தபோது, துயருற்றவனையும் செல்வம் வேண்டுபவனையும் அவருள் சேர்த்தே எண்ணினான். அனைவரையும் உதாரர் என்று போற்றினான். பசித்த குழந்தை தாயிடம் கேட்பதும், வாங்குவோன் கடைக்காரனிடம் கேட்பதும் வெவ்வேறு. கடைக்காரன் தாராவிடில் வேறு கடை உண்டு. தாய் தாராவிடினும் குழந்தை அவள் முந்தானையையே பற்றி அழும். எந்த உறவில் நின்று கேட்கின்றோம் என்பதே ஆஸ்திகத்தையும் அதன் போலியையும் பிரித்துக் காட்டுவது.

வாசலில் நிற்பவனை என் செய்வது?

இனி அவ்விளைஞரைப் பற்றிக் கூறவேண்டியது ஒன்றுண்டு. அவர் நிலை நாஸ்திகம் என்று தர்க்கம் தீர்ப்பளிக்கலாம். ஆனால் அவர் ஒன்றை ஒப்புக்கொண்டு நிற்கின்றார்: மனிதனே உச்சியல்லன், அண்ணாந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு என்பது அது. தன்னினும் மேம்பட்டதை எண்ணி வியக்கும் உள்ளம் இரணியனுடைய உள்ளமன்று. எவன் எத்தேவதையைச் சிரத்தையுடன் நாடுகின்றானோ அவனுக்கு அச்சிரத்தையை உறுதியாக்குபவன் தானே என்று கண்ணன் அருளியதும் நினைக்கத்தக்கது. நம்மாழ்வாரோ திருவாய்மொழியின் முதற்பதிகத்தில், உண்டென்பவன் சொல்லும் இல்லையென்பவன் சொல்லும் ஆகிய இரண்டாலும் எம்பெருமானின் இருப்பே தேறுமென்று சாதித்தருளினார். மறுப்பவன் நெஞ்சிலும் அந்தர்யாமியாய் இருப்பவன், அவனைக் கைவிடாது காத்திருக்கின்றான்.

அவ்வாறு காத்திருக்கும் பொறுமையை அடியார்க்கும் கற்பித்தவர் எம்பெருமானார். உறையூரில் வில்லிதாஸன் என்னும் மல்லன் ஒருவன் இருந்தான். மனைவி பொன்னாச்சியின் கண்ணழகே அவனுக்கு உலகில் உயர்ந்த பொருள். அரங்கன் உத்ஸவத்தின்போது காவிரிக்கரையில், அவள் முகத்தில் வெயில் படாதபடி குடைபிடித்து, அவளையே நோக்கியவாறு அவன் நடந்து செல்வதைக் கண்டு ஊரார் நகைத்தனர். உடையவர் நகைக்கவில்லை, கடிந்து பேசவும் இல்லை. அவனை அழைத்து, அவன் போற்றும் பொருள் யாதென்று கேட்டறிந்தார். அதனினும் அழகிய கண்களைக் காட்டினால் அவற்றுக்கு அடிமையாவானோ என்று வினவினார். பெரிய பெருமாள் ஸந்நிதிக்கு அழைத்துச் சென்று, அரங்கனின் திருக்கண்களைக் காணச் செய்தார். கண்ட மாத்திரத்தில் அவன் ஆட்பட்டான். அவன் பற்றியிருந்த அன்பை உடையவர் பறிக்கவில்லை. அது சென்று சேரவேண்டிய இடத்தைக் காட்டினார். அன்று அவ்வாறு வந்தவரே பின்னர் உடையவரின் அந்தரங்க அடியாராய் விளங்கிய உறங்காவில்லிதாஸர்.

உடையவர் அன்று பெரிய வாதம் ஒன்றும் நிகழ்த்தவில்லை என்பதைச் சேவார்த்திகள் கருத்தில் கொள்வது நலம். இல்லங்களில் பிள்ளைகள் உயர்ந்த ஏதோ ஒன்றைப் பற்றிப் பேசும்போது, அதனை நகையாது கேட்டு, எதனை உயர்ந்ததென்கின்றனர் என்று அன்புடன் வினவி, திருவிழாவிற்கு உடன் அழைத்து வருவதே பெரியோர் காட்டிய வழி. ஒதுங்கி நிற்பவரும் நின்றவாறே இருக்கட்டும். திருவீதியில் எழுந்தருளுகின்றவன் அவரிருக்கும் இடத்திற்கே வருகின்றவன். கர்ப்பக்ருஹம் வரையில் வர இயலாதவர்க்கும், வர மனமில்லாதவர்க்கும் ஸேவை ஸாதிப்பதற்காக அன்றோ புறப்பாடு ஏற்பட்டது!

அத்திருக்கண்கள் இத்திருவிழாவிற்கு வந்தோர் அனைவர் மீதும், வந்தும் விலகி நிற்போர் மீதும் குளிர நோக்கி அருள்வனவாக.

சுபம்.